பன்னிரண்டாவது பெயர்

எண்ணி முடித்தபோது ஆர்டிஸ் டோலஃப்சனுக்குப் பதினைந்தாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. மெர்ல் ஹாகனுக்கும் அதே பதினைந்தாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. கையால் மறுபடி எண்ணினார்கள், மறுபடியும் அதேதான். மூன்றாம் முறை எண்ணச் சொல்லிக் கேட்க இரண்டு பேருக்குமே கூச்சமாக இருந்தது. எண்ணுகிறவர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறதல்லவா.

வேறு வருஷமாக இருந்தால் எங்கள் நார்ட்பி ஊரைத் தாண்டி ஒரு ஈ காக்கை கூட இதைக் கண்டுகொண்டிருக்காது. ஆனால் இது இடைக்காலத் தேர்தல். யார் அதிபராக வந்தாலும் இரண்டாம் வருஷம் அவர் தலையில் ஒரு குட்டு வைப்பது இந்த நாட்டு ஜனங்களின் வழக்கம். அந்தக் குட்டு போகிற போக்கில் மாநிலச் சபைகள் மேலும் விழும். மினசோட்டா மேல்சபையில் மொத்தம் அறுபத்தேழு இடம். இதுவரை நீலக் கட்சியின் கையில் இருந்த சபை அது. இப்போது நீலத்துக்கு முப்பத்து மூன்று, சிவப்புக்கு முப்பத்து மூன்று, மிச்சம் இந்த ஒன்று. எந்தக் குழுவுக்கு யார் தலைவர், எந்த அறைச் சாவி யாருக்கு, எந்த மசோதா மேஜைக்கு வரும், எது இழுப்பறையிலேயே கிடந்து சாகும் என்பதெல்லாம் நீலத்தில் நின்ற ஒரு மாட்டு டாக்டருக்கும் சிவப்பில் நின்ற ஒரு தானியக் கிடங்கு மேனேஜருக்கும் நடுவில் தொங்கியது. சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கிப் பார் என்று சட்டம் சொல்லியிருந்தது. டிசம்பர் பதினெட்டு, வெள்ளிக்கிழமை, தலைநகரம் செயின்ட் பாலில் குலுக்கல்.

ஆர்டிஸ்தான் மாட்டு டாக்டர். அவளுக்காகத் தேர்தல் வேலை முழுவதையும் தலையில் போட்டுக்கொண்டு செய்தவள் லவோன் பாக்கன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், வயது அறுபத்தொன்று, ஆர்டிஸுக்கு முப்பது வருஷச் சிநேகிதி. கோடை முழுக்க நாலாயிரம் கதவைத் தட்டினாள். இரண்டு நாய்க்கடி. இரண்டுக்கும் ஆர்டிஸே ஊசி போட்டாள், மனுஷர்களுக்குப் போட அவளுக்கு உரிமம் கிடையாது என்றாலும்.

சமம் என்று தெரிந்த மறுநாளே லவோன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நம்மாட்களில் யார் ஓட்டுப் போடவில்லை? சின்ன ஊர், விசாரித்தால் தெரிந்துவிடும். முதல் பெயர் கோர்டி லுண்ட், மான் வேட்டைக்குப் பரண் சரிசெய்யப் போனவன். அடுத்து ஸ்ட்ராண்ட் தம்பதி. குளிருக்குப் பயந்து அரிஸோனா போனவர்கள், தபால் ஓட்டைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இப்படியே பதினோரு பெயர் சேர்ந்தது.

அந்தப் பதினோரு வீட்டுக்கும் லவோன் போனாள். திட்டவில்லை. எங்கள் ஊரில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. ஒரு தட்டில் எலுமிச்சை இனிப்புத் துண்டுகள் கொண்டுபோவாள், காப்பி குடிப்பாள், பனியைப் பற்றிப் பேசுவாள். எழுந்து கோட்டு மாட்டும்போது, "ஒரே ஒரு ஓட்டு," என்று பெருமூச்சு விடுவாள். அவ்வளவுதான். கோர்டி லுண்ட் அதற்கப்புறம் மூன்று ஞாயிறு சர்ச்சுக்கே வரவில்லை. வந்தபோதும் ஆராதனை முடிந்து கீழே காப்பிக்கு இறங்காமல் அப்படியே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். லவோனுக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது. அதை அவள் திருப்தி என்று ஒத்துக்கொள்ள மாட்டாள், அது வேறு விஷயம்.

யார் யாருக்குப் போட்டார்கள் என்பது ரகசியம். ஆனால் யார் போட்டார்கள், யார் போடவில்லை என்பது ரகசியமில்லை. தேர்தல் முடிந்து ஆறு வாரத்தில் பட்டியல் கவுண்டி என்கிற எங்கள் மாவட்ட அலுவலகத்துக்கு வந்துவிடும், கேட்டால் கொடுப்பார்கள். புதன்கிழமை காலை லவோன் தன் பதினோரு பெயரைச் சரிபார்க்கப் போனாள். ஒரு அடிக்கோலும் கொண்டுபோயிருந்தாள், வரி மாறிப் படித்துவிடக் கூடாதே என்று.

பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் இருந்தன. பாக்கன் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது. லவோன் அடிக்கோலை அங்கேயே நிறுத்தி, கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

கவுண்டரில் இருந்தவள் கோர்லிஸ். லவோனின் பேருந்தில் பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனவள்.

"கோர்லிஸ், இது தப்பா அச்சாயிருக்கு."

"எது அக்கா?"

"என் பேருக்கு எதிர்ல. இந்தக் கட்டம் காலியா இருக்கு."

கோர்லிஸ் பட்டியலைப் பார்த்தாள். லவோனைப் பார்த்தாள். உள்ளே போய் வாக்குச்சாவடிக் கையெழுத்துப் புத்தகத்தை எடுத்து வந்து புரட்டினாள்.

"பாக்கன், லவோன் மே. கோடு இருக்கு அக்கா. கோட்டுக்கு மேல ஒண்ணும் இல்ல."

"அன்னைக்குக் காலைல ஏழு மணிக்கு அந்தக் கட்டடத்துக்குள்ள போனவ நான். ராத்திரி எட்டு மணிக்குப் பூட்டற வரைக்கும் அங்கதான் போயிட்டு வந்துட்டு இருந்தேன்."

"தெரியுமே. நாப்பத்து மூணு பேரைச் சர்ச்சு வண்டில ஏத்திட்டு வந்தீங்க. நாப்பத்து மூணு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க." கோர்லிஸ் புத்தகத்தை மெல்ல மூடினாள். "உங்களைக் கூட்டிட்டு வரத்தான் ஆள் இல்லாமப் போச்சு போல."

லவோன் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஓட்டுப் போட்டது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆர்டிஸ் பெயருக்குப் பக்கத்தில் இருந்த வட்டத்தைக் கறுப்பாக நிரப்பியது, வெளியே மை வழியாமல் சுற்றிச் சுற்றி நிரப்பியது, எல்லாம் கண்முன்னால் நின்றது. கொஞ்சம் யோசித்தபோது அந்த வட்டத்துக்குப் பின்னால் ஆல்வின் பெக்கன் என்ற கிழவர் வீட்டு அடுப்பங்கரை மேஜை தெரிந்தது. அது நிஜ ஓட்டுச்சீட்டு இல்லை, மாதிரிச் சீட்டு. கிழவிகளுக்கு எப்படிப் போடுவது என்று காட்டுவதற்காக நிரப்பியது. தேர்தலன்று மத்தியானம் சாவடியில் வேலை பார்த்த டார்லீன், "இத்தனை பேரைக் கொண்டாந்திருக்கே, இந்தா," என்று 'நான் வாக்களித்தேன்' என்ற வட்ட ஸ்டிக்கர் ஒன்றை அவள் கோட்டில் ஒட்டிவிட்டாள். அது நெஞ்சில் இருந்தபிறகு வேறு யோசனை எப்படி வரும்? கடைசி நடை ஏழே முக்காலுக்கு. தொண்ணூற்றொரு வயது ஆல்வின் பெக்கன். சீட்டின் இரண்டு பக்கத்தையும் தேர்தலுக்கு நிற்கிற நீதிபதிகள் பெயர் வரைக்கும் விடாமல் படித்தார். அவர் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு லவோன் நின்றிருந்தாள். எட்டு மணி அடித்தது. திரும்பும் வழியில் ஆல்வின், மெர்ல் தன் ஒன்றுவிட்ட தங்கை மகன் என்றும் குடும்பத்தை விட்டுக்கொடுக்க முடியாது என்றும் சொன்னார்.

"நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன் அக்கா," என்றாள் கோர்லிஸ். "ஆனா பட்டியல் கேட்டா குடுத்தே ஆகணும். மினியாபொலிஸ்லேர்ந்து ஒரு பத்திரிகைக்காரி கேட்டிருக்கா. சாயங்காலம் அனுப்பணும்."

"அனுப்பு. அது உன் வேலை."

"காப்பி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்," என்றாள் லவோன். கவுண்டி அலுவலகத்தில் லவோன் காப்பி வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். சாயங்காலம் பட்டியல் போகும். நாளைக்கோ மறுநாளோ ஆர்டிஸுக்குப் பத்திரிகையில் தெரியவரும். முப்பது வருஷத்தில் ஆர்டிஸ் ஒரே ஒரு தடவைதான் தனக்கென்று ஏதாவது வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அது இந்தச் சபை இடம். போன வசந்தத்தில் இதே வண்டியில் உட்கார்ந்து, "எனக்கு இது வேணும் போல இருக்கு லவோன், சொல்லவே வெக்கமா இருக்கு," என்றாள். லவோனுக்கு அழுகை வந்தது. அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

ஆர்டிஸ் அன்று சோரன்சன் பண்ணையில் இருந்தாள். மாடுகளுக்குச் சினை பார்க்கிற வேலை. தோள் வரைக்கும் உறை மாட்டி, கை முழுக்க ஒரு மாட்டுக்குள் இருந்தது. சோரன்சன் தள்ளி நின்று எண்களைக் குறித்துக்கொண்டிருந்தார்.

"குளிர் இன்னைக்குப் பரவாயில்ல," என்றாள் லவோன்.

"காத்து இல்ல, அதான்," என்றாள் ஆர்டிஸ்.

"வெள்ளிக்கிழமை பனி கொட்டுமாம்."

"கொட்டட்டும், சீக்கிரமே கிளம்பிடுவோம்."

"ஆர்டிஸ், அந்தப் பதினோரு பேர் இருக்காங்கள்ல."

"ம்."

"பன்னிரண்டு ஆயிடுச்சு."

"யாரு?"

"நான்."

ஆர்டிஸ் கையை எடுக்கவில்லை. மாட்டின் முதுகைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடு ஒரு தடவை காலை மாற்றி வைத்தது.

"சினைதான். நூத்தி இருபது நாள்," என்று சோரன்சனிடம் சொன்னாள். அப்புறம் கையை உருவி, உறையைக் கழற்றி, வெந்நீரில் கழுவி, விரல் விரலாகத் துடைத்தாள். "வா, வண்டில உக்காரலாம்."

வண்டியில் ஹீட்டரைப் போட்டார்கள். மாதிரிச் சீட்டு, ஸ்டிக்கர், ஆல்வின், கோட்டு எல்லாவற்றையும் லவோன் சொன்னாள். மன்னிப்பும் கேட்டாள். ஆர்டிஸ் பிளாஸ்கைத் திறந்து மூடியில் காப்பி ஊற்றினாள். அதைக் குடிக்கவில்லை.

"நான் மெர்லுக்குப் போட்டேன்," என்றாள்.

லவோனுக்குக் காதில் விழுந்தது மனதில் இறங்க நேரம் பிடித்தது.

"எதை?"

"ஓட்டை. சீட்டைக் கைல வாங்கிட்டுப் போனேன். மேலயே என் பேரு. பக்கத்துத் தடுப்புல மெர்லோட பொண்டாட்டி நிக்கறா. நானே என் பேருக்கு மை வெச்சுக்கறது என்னமோ மாதிரி இருந்துச்சு. விருந்துல பெரிய துண்டை நாமளே எடுத்து நம்ம தட்டுல போட்டுக்கற மாதிரி. எங்கம்மா பார்த்தா என்ன சொல்லுவாங்க."

"உங்கம்மா போய்ப் பதினெட்டு வருஷம் ஆச்சு."

"ஆமா. இருந்தாலும்."

"சும்மா வெறுமனே விட்டிருக்கலாமே?"

"விட்டா அது மரியாதையில்லாத மாதிரி இருக்குமோன்னு தோணுச்சு." ஆர்டிஸ் காப்பியைப் பார்த்தபடியே பேசினாள். "கணக்குப் போட்டுப் பாரு. நீ விட்டது ஒரு ஓட்டு. நான் விட்டது ரெண்டு. எனக்கு ஒண்ணு கொறைஞ்சுது, அவனுக்கு ஒண்ணு ஏறுச்சு. ஆறு வாரமா நீ கோர்டி வீட்டுக்கும் ஸ்ட்ராண்ட் வீட்டுக்கும் இனிப்புத் தட்டோட போயிட்டு வந்து என்கிட்ட சொல்றப்பல்லாம் நான் பேச்சை மாத்திடுவேன். உன்கிட்ட சொல்ல தைரியம் வரல."

லவோனுக்குச் சந்தோஷமாக இருந்தது. சிநேகிதியின் தப்பைக் கேட்டுச் சந்தோஷப்படுவது அசிங்கம் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது, அதை மறைத்து என்ன பிரயோஜனம். மூடிக் காப்பியை இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். அன்று மதியம் வீட்டுக்குப் போய் லவோன் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் லவோனின் காரில் இரண்டு பேரும் கிளம்பினார்கள். நூற்றெழுபது மைல். பனி சொன்னபடியே கொட்டியது. குலுக்கல் அறை நிறையக் கேமரா. மெர்ல் ஹாகன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான், சாவு வீடுகளுக்குப் போடுகிற சூட்டில். அவனுக்கு இருப்பது அது ஒன்றுதான். சுவரோரம் நீலக் கட்சிக்காரர்கள் ஒரு பக்கமும் சிவப்புக் கட்சிக்காரர்கள் ஒரு பக்கமும் கல்யாண வீட்டுச் சம்பந்திகள் போல நின்றார்கள்.

ஒரே அளவு இரண்டு காகிதத்தில் இரண்டு பெயர். மடித்து ஒரு கிண்ணத்தில் போட்டார்கள். யாருடைய கிண்ணம் என்று தெரியவில்லை. அலமாரியிலிருந்து யாரோ கொண்டுவந்த சூப்புக் கிண்ணம். ஒரு பெரிய அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டு ஒன்றை எடுத்தார்.

"மெர்ல் ஹாகன்," என்று படித்தார். நான்கு விநாடி கூட ஆகவில்லை.

சுவரோரம் ஒரு பக்கத்தார் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். இன்னொரு பக்கத்தாரும் ஓடினார்கள், கொஞ்சம் மெதுவாக. மேல்மாடியில் அறைகளைக் காலி செய்ய அட்டைப்பெட்டி எத்தனை வேண்டும் என்று ஒருவர் வாசலிலேயே நின்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். சபை கை மாறிவிட்டது.

மெர்ல் எழுந்து வந்தான்.

"மன்னிச்சுக்கங்க டாக்டரம்மா."

"நீ என்ன பண்ணுவே. கிண்ணம் பண்ணுச்சு," என்றாள் ஆர்டிஸ். "உன் நாய்க்குக் காது எப்படி இருக்கு?"

"தேவலாம். சொட்டு மருந்து போட்டா கடிக்க வருது."

மூன்று பேரும் கீழே காண்டீனுக்குப் போனார்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே கட்டடத்தில் தனித்தனியாகக் காப்பி குடித்தால் நன்றாகவா இருக்கும். மெர்ல்தான் வாங்கி வந்தான், மூன்று பேருக்கும் ஆப்பிள் பை என்ற பழப் பலகாரத் துண்டோடு. ஆர்டிஸுக்கு முகம் வெளுத்திருந்தது, ஆனால் குரல் சாதாரணமாக இருந்தது. அப்போது மினியாபொலிஸ் பத்திரிகைக்காரி வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும், மரியாதையான பெண். உட்காரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"மிஸஸ் பாக்கன், நேத்து பட்டியல் பார்த்தேன். தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க ஓட்டுப் போடலன்னு இருக்கு."

"ஆமா," என்றாள் லவோன். "மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"மத்தவங்களைக் கூட்டிட்டு வந்துட்டிருந்தேன். என்னை விட்டுட்டேன். அப்படியே எழுதிக்கோ."

பத்திரிகைக்காரி எழுதினாள். மெர்ல் தன் ஆப்பிள் பை துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். லவோனுக்குக் காது மடல் எரிந்தது. நாளைக்கு இது மாநிலம் முழுக்க வரும், நார்ட்பியில் எல்லோரும் படிப்பார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள்.

"இதையும் எழுதிக்கோம்மா," என்றாள் ஆர்டிஸ். முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "இவ மேல மட்டும் பழியைப் போடாதே. நானே எனக்குப் போடல. மெர்லுக்குப் போட்டேன். இவ தப்பு ஒரு ஓட்டு, என் தப்பு ரெண்டு."

பத்திரிகைக்காரியின் பேனா நின்றுவிட்டது. லவோன் மேஜைக்கடியில் ஆர்டிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்படி ஒருத்தி தனக்காகத் தன் மானத்தைத் தூக்கி மேஜை மேல் வைப்பாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

மெர்ல் வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினான்.

"நெஜமாவா டாக்டரம்மா?"

"நெஜம்தான்."

"அப்ப சரியாப் போச்சு," என்றான் மெர்ல். "நானும் உங்களுக்குத்தான் போட்டேன்."

மெர்ல் காப்பியை ஒரு வாய் குடித்தான்.

"ஆறு தடவை தேர்தல்ல நின்னுருக்கேன். ஒரு தடவையும் எனக்கு நானே போட்டுக்கிட்டதில்ல. அது நல்லாருக்காது," என்றான். "அதனால நீங்க மனசுல எதையும் வெச்சுக்க வேண்டாம். உங்களோடதுக்கும் என்னோடதுக்கும் சரியாப் போச்சு. கழிஞ்சுது."

அவன் நல்லதுதான் நினைத்துச் சொன்னான். மெர்ல் ஹாகன் கெட்ட மனுஷன் இல்லை. பத்திரிகைக்காரி நோட்டில் இரண்டு வரியைக் கோடு போட்டு அடித்தாள். மிச்சம் இருந்த ஒரு வரியின் கீழே கோடு இழுத்தாள். லவோனால் அதைத் தலைகீழாகவே படிக்க முடிந்தது, அதில் இருந்தது அவள் பெயர். மேஜைக்கடியில் ஆர்டிஸ் தன் கையை உருவிக்கொண்டாள். முடியைச் சரிசெய்வதற்காகத்தான் எடுத்தாள். சரிசெய்தபிறகு அந்தக் கை மேஜை மேலேயே இருந்துவிட்டது.

திரும்பும்போது லவோன்தான் ஓட்டினாள். முப்பது மைல் போயாயிற்று. பனி உருகச் சாலையில் உப்புத் தூவுகிற லாரி ஒன்று முன்னால் போனது. அதைத் தாண்டலாமா வேண்டாமா என்று லவோன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தாண்டாமலே போனாள்.

"லவோன்," என்றாள் ஆர்டிஸ்.

"ம்."

"எனக்குக் கோபமா இருக்கு."

எங்கள் ஊரில் கோபம் வந்தால் 'பரவாயில்லை' என்பார்கள். ரொம்பக் கோபம் வந்தால் 'அப்படியும் செய்யலாம்தான்' என்பார்கள். கோபமாக இருக்கிறது என்று ஒருத்தர் இன்னொருத்தர் முகத்துக்கு நேரே சொல்லி லவோன் கேட்டதில்லை. அவள் புருஷன்கூட விவாகரத்துக் கேட்டபோது அப்படிச் சொல்லவில்லை.

"இருக்கும்," என்றாள்.

"புதன்கிழமை வரல. என் தப்பு உன்னோடதைவிடப் பெரிசா இருந்துச்சு, உன்மேல கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லன்னு நெனச்சேன். இப்ப மெர்ல் என்னோடதை எடுத்துட்டுப் போயிட்டான்."

"தெரியும்."

"எனக்கு அந்த இடம் வேணும்னு இருந்துச்சு. எவ்வளவு வேணும்னு இருந்துச்சுன்னு அவன் பேரைப் படிச்சப்பதான் தெரிஞ்சுது."

லவோன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மன்னிப்பு ஒரு தடவை கேட்டாகிவிட்டது. மறுபடி கேட்டால் அது ஆர்டிஸைப் 'பரவாயில்லை' என்று சொல்லவைக்கிற வேலையாகிவிடும். அதனால் கேட்கவில்லை.

"இது சீக்கிரம் போகாதுன்னு நெனைக்கிறேன்," என்றாள் ஆர்டிஸ்.

"சரி."

"மாசக்கணக்காகூட ஆகலாம்."

"சரி ஆர்டிஸ்."

ஆர்டிஸ் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பனி இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் வந்தது ஒரே காரில், ஊருக்கு இன்னும் நூற்று நாற்பது மைல் இருந்தது.